பெட்டியும் பட்டாளமும் பட்டாலையும்: தொலைக்காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளில் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் மாடி மாடியாக ஏறி டிவிக்கு ஏரியல் கட்டியவன் நான். தொண்ணூறுகளில் கேபிள் இழுத்தேன். படம் தெரியவில்லை என்று கூப்பிட்டவர்கள் பலர் இப்போது உலக நடப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு டிவி பெட்டியால் ஆட்சி கவிழுமா?

பெட்டியால் கவிழாது. பசி, விலைவாசி, பட்டாளத்தின் மனமாற்றம் ஆகியவைதான் ஆட்சியைக் கவிழ்க்கும். ஆனால் கவிழும் நேரத்தைப் பெட்டி முன்னால் இழுத்து வைக்கும். ருமேனியாவைப் பாருங்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் அந்த நாட்டுத் தொலைக்காட்சி வார நாட்களில் இரவு இரண்டு மணி நேரம் மட்டுமே ஓடியது. அதிலும் பெரும்பகுதி அதிபர் சௌசெஸ்குவின் புகழ்தான். வீட்டைச் சூடாக்க எரிபொருள் இல்லை, ரொட்டிக்கு வரிசை, இடையில் இந்தப் புகழ்மாலை. 1989 டிசம்பர் 21 அன்று தலைநகர் புக்கரெஸ்டில் தம் ஆதரவைக் காட்ட அவரே பெருங்கூட்டம் கூட்டி, அதை நேரலையாக ஒளிபரப்பவும் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் பேச்சை நிறுத்திக் கையை உயர்த்தினார். முகத்தில் குழப்பம் தெரிந்தது. ஒளிபரப்பைச் சில நிமிடங்கள் துண்டித்தார்கள். பிறகு மீண்டும் தொடங்கினார்கள். சம்பள உயர்வு அறிவித்தார். ஆனால் பார்க்க வேண்டியதை நாடு பார்த்துவிட்டது. மறுநாள் பகல் அவர் கட்சித் தலைமையகத்தின் மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். டிசம்பர் 25 அன்று அவரும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்கள் கிடந்த காட்சியும் தொலைக்காட்சியில் வந்தது.

அவரை வெறுத்ததற்கு அந்த ஒளிபரப்பு காரணமில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குள் ஏற்கெனவே வெறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வெறுக்கிறாரா, உளவு சொல்கிறாரா என்பதுதான் தெரியாமல் இருந்தது. தலைவர் திகைத்து நின்றதை நாடு முழுவதும் ஒரே நொடியில் பார்த்தது. தாம் பார்த்ததை மற்றவர்களும் பார்த்தார்கள் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம் பஞ்சாயத்தில் ஒருவர் வாயால் வந்துவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே ஆனது.

அப்படியானால் தொலைக்காட்சி மக்கள் பக்கம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. அதே ருமேனியாவில் 22ஆம் தேதி தொலைக்காட்சி நிலையம் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. கவிஞர் மிர்ச்சா டினெஸ்குவும் நடிகர் இயான் கராமித்ருவும் திரையில் தோன்றி வெற்றியை அறிவித்தார்கள். அடுத்த சில நாட்கள் அந்த நிலையம் இடைவிடாமல் ஓடியது. பயங்கரவாதிகள் வருகிறார்கள், தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்றெல்லாம் சரிபார்க்காத செய்திகளும் அதில் ஓடின. யார் எதிரி என்று தெரியாமல் பட்டாளமும் பொதுமக்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அந்தப் புரட்சியில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சௌசெஸ்கு ஓடிய பிறகு இறந்தவர்கள். பெட்டியைக் கொண்டாடுபவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதே இல்லை.

ஆட்சியைப் பிடிப்பவர்கள் ஏன் முதலில் டிவி நிலையத்துக்கு ஓடுகிறார்கள்?

அரண்மனையைப் பிடித்தால் அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். நிலையத்தைப் பிடித்தால் நாட்டுக்கே தெரியும். மணிலாவில் 1986 பிப்ரவரி 24 அன்று அரசுத் தொலைக்காட்சியான 4ஆம் அலைவரிசை கிளர்ச்சிப் படையினரிடம் போனது. மறுநாள் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் மீண்டும் பதவியேற்ற விழாவின் ஒளிபரப்பு நடுவிலேயே அறுந்தது. அன்றிரவே அவர் நாட்டை விட்டுக் கிளம்பினார்.

மாஸ்கோவில் 1991 ஆகஸ்ட் 19 அன்று சோவியத் அதிபர் கோர்பச்சேவை ஓரங்கட்டியவர்கள் திரையை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள்: அன்னப்பறவை பாலே நடனத்தை ஓட விட்டார்கள். மூடி வைப்பதற்கு நடனம். ஆனால் அன்று மாலை அவர்களே நடத்திய செய்தியாளர் கூட்டத்தில் துணை அதிபர் யானயேவின் கைகள் நடுங்கியதைக் கேமரா காட்டியது. அவர்களை எதிர்த்த ரஷ்யத் தலைவர் யெல்த்சின் டாங்கியின் மேல் ஏறி நின்ற காட்சியும் இரவுச் செய்தியில் நழுவி வந்துவிட்டது. மூன்றாம் நாள் சதி கலைந்தது.

நம்மவர்களுக்கு நெருக்கமான நாடு பர்மா, இன்றைய மியான்மர். 2021 பிப்ரவரி 1 காலை நெருக்கடி நிலையை அறிவித்தது இராணுவத்தின் சொந்தத் தொலைக்காட்சியான மியாவதி. அரசுத் தொலைக்காட்சி அப்போது இருட்டாகிக் கிடந்தது. 1962இல் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அந்த நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது, வானொலியில்தான் அறிவித்தார். அதன் பிறகு நடந்த நாட்டுடைமையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய குடும்பங்கள் செட்டிநாட்டில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியையே பிடித்தார்களாமே, உண்மையா?

உண்மை. 2022 ஜூலை 9 அன்று அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். 13ஆம் தேதி விடியுமுன் அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவுக்குப் போனார். அன்றே போராட்டக்காரர்கள் கொழும்பில் ரூபவாஹினி நிலையத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவர் திரையிலேயே தோன்றிப் பேசினார். ஒளிபரப்பு சிறிது நேரம் நின்றது. எல்லார் கையிலும் செல்போன் இருந்த காலத்தில்கூட, நிலையத்துக்குள் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதைக் கவனியுங்கள்.

எண்பதுகளில் காரைக்குடியில் ரூபவாஹினி தெரிந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே! டெல்லி தெரியாத ஊரில் கொழும்பு எப்படித் தெரிந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் அலை நேர்கோட்டில் போவது; பூமியோ வளைந்தது. சென்னைக் கோபுரத்தின் அலை நம் பக்கம் வந்து சேர வழியில்லை. பிற்பாடு கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பி வந்த பிறகுதான் தென் மாவட்டங்களுக்கு விடிவு. அதற்கு முன், 1982 பிப்ரவரி 15 அன்று, ஜப்பான் உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியிருந்தது. அதன் முக்கிய ஒளிபரப்பி இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வடக்கே கொக்காவிலிலும் ஒரு மறு ஒளிபரப்பு நிலையம் இருந்தது. 1990 ஜூலையில் போரில் அழிந்தது.

இடையில் இருப்பது கடல். வெயில் காலத்தில் கடலின் மேல் குளிர்ந்த காற்று அடியிலும் சூடான காற்று மேலேயுமாகப் படுக்கும். அந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அலை சிக்கி, பூமியின் வளைவோடு வளைந்து வெகுதூரம் ஓடும். அதனால்தான் சித்திரை, வைகாசி மாலைகளில் படம் கண்ணாடி போலவும் மழைக்காலத்தில் புள்ளிப் புள்ளியாகவும் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கண் பட்டுவிட்டது என்று என்னிடம் எலுமிச்சம்பழம் சுற்றச் சொன்னவர்களும் உண்டு.

செட்டிநாட்டு வீட்டுக்கு இன்னொரு வசதி இருந்தது: உயரம். மெத்தை (மாடி) கட்டிய வீட்டின் மேல் இரும்புக் குழாயை நட்டு, நீளக் குச்சிகள் கொண்ட ஏரியலைத் தென்கிழக்கே திருப்பி, கீழே அலையைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு பூஸ்டரும் வைத்துவிட்டால் போதும். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் வளவில் (நடு முற்றத்தில்) நின்று கத்த, ஒருவர் பெட்டிக்கு முன்னால் இருந்து தலையாட்ட, மூன்று பேர் வேலை அது.

பொழுதுபோக்குக்கு மேலே ஒன்றும் அதில் வந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன. 28ஆம் தேதி அதிபர் ஜெயவர்தனா தொலைக்காட்சியில் பேசினார்; அடிபட்ட தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் சொல் அந்த உரையில் இல்லை. கொழும்பில் கடை வைத்திருந்த, உறவு வைத்திருந்த வீடுகள் நிறைந்த சீமை இது. ஓர் அரசாங்கம் என்ன சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டேன்.

மேற்கு ஜெர்மனி டிவியைப் பார்த்துத்தான் கிழக்கு ஜெர்மனி மக்கள் கிளர்ந்தார்கள் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. கிழக்கு ஜெர்மனியில் பெரும்பாலான இடங்களில் மேற்கின் ஒளிபரப்பு தெரிந்தது. டிரெஸ்டன் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களில் மட்டும் தெரியவில்லை. விவரம் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு என்று டிரெஸ்டன் பகுதியைக் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் கெர்ன், ஹைன்முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய கருத்துக்கணிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது: மேற்கு டிவி தெரிந்த இடங்களில்தான் மக்கள் தங்கள் ஆட்சியோடு கூடுதல் சமாதானமாக இருந்திருக்கிறார்கள். மாலையில் நல்ல தொடர் ஒன்று ஓடினால் மனிதன் பல கஷ்டங்களைப் பொறுத்துக்கொள்வான் போலிருக்கிறது.

மறுபாதி 1989 நவம்பர் 9. கிழக்கு ஜெர்மனிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி நேரலைச் செய்தியாளர் கூட்டத்தில் புதிய பயண விதிகளைப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். காகிதத்தைப் புரட்டிவிட்டு, உடனே, தாமதமின்றி என்றார். உண்மையில் மறுநாள்தான் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். இரவு பத்தே முக்கால் வாக்கில் மேற்கு ஜெர்மனிச் செய்தியில் பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்துகிடப்பதாகச் சொன்னார்கள். அப்போது அவை திறந்திருக்கவில்லை. கேட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் போய் நின்றதால், பதினொன்றரைக்குப் போர்ன்ஹோல்மர் தெருக் காவலர்கள் வேறு வழியில்லாமல் திறந்துவிட்டார்கள். நடக்காத ஒன்றைச் செய்தி சொல்ல, அதனாலேயே அது நடந்தது.

டிவி இல்லாமல் புரட்சி நடந்ததே இல்லையா?

எத்தனையோ நடந்திருக்கின்றன. ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னரை எதிர்த்த மதத் தலைவர் கொமேனி பாரிஸுக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருந்து பேசியதை ஒலிநாடாவில் பதிந்து, தெஹ்ரானில் படியெடுத்துப் பள்ளிவாசல் வழியாகப் பரப்பினார்கள். தொலைக்காட்சி மன்னரின் அரசாங்கத்திடம் இருந்தது. மன்னர் ஆட்சியைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை.

நம் நாட்டில் அரசாங்கம் டிவியை வைத்து இப்படி விளையாடியதில்லையா?

சென்னைத் தொலைக்காட்சி பிறந்ததே நெருக்கடி நிலைக் காலத்தில்தான். 1975 ஜூனில் நெருக்கடி நிலை, ஆகஸ்டில் நிலையம். அப்போது பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பதால் அதன் வீச்சும் சொற்பம். 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளை ஒன்று சேர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய கூட்டத்துக்கு ஆள் சேராமல் தடுக்க, அதே மாலையில் மக்கள் விரும்பிய இந்தி காதல் படம் ஒன்றைத் தூர்தர்ஷன் போட்டதாகப் பரவலாகச் சொல்வார்கள். கூட்டம் அப்படியும் நிரம்பி வழிந்தது.

1995இல் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை வழக்கில்தான் இந்தப் பெரிய விஷயம் தீர்ந்தது. நம் நாட்டில் எதுவும் கிரிக்கெட் வழியாக வந்தால் சீக்கிரம் வருகிறது.

தமிழ்நாட்டில் டிவி அரசியலை மாற்றிய ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால்?

2001 ஜூன் 30. நள்ளிரவுக்குப் பிறகு மு. கருணாநிதியைக் கைது செய்தார்கள். போலீசார் அவரைப் பிடித்து இழுக்கும் காட்சியைச் சன் டிவி நாள் முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டிவி அதே இரவைத் தன் கோணத்தில் காட்டியது. காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் டீக்கடையில் எந்தச் சேனல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஆட்கள் கடை மாறி உட்கார்ந்தார்கள். கேபிள்காரனுக்கு அன்று இரண்டு பக்கமும் ஏச்சு: அந்தச் சேனலை ஏன் மங்கலாக வைத்திருக்கிறாய் என்று ஒரே நாளில் இரு கட்சிக்காரர்களும் வந்து கேட்டார்கள். டெல்லியில் அதன் விளைவாக ஆளுநர் பாத்திமா பீவியைத் திரும்பப் பெற மத்திய அமைச்சரவை பரிந்துரைக்க, அவர் விலகினார்.

என் கணிப்பில், நம் மாநிலத்தில் அன்றோடு ஒரு காலம் முடிந்தது. அதுவரை ஊர் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பிறகு இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமலே இருந்துவிடப் பழகியது.

2009இல் சிவகங்கைத் தொகுதி வாக்கு எண்ணிக்கையில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். மே 16 அன்று ப. சிதம்பரம் தோற்றுவிட்டதாகச் சேனல்களில் செய்தி ஓடியது. பிறகு 3,354 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றதாக அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற ராஜ கண்ணப்பன் நீதிமன்றத்துக்குப் போனார். திரையில் முதலில் பார்த்ததே உண்மை என்று இன்றும் வாதாடுபவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அறிவிப்புக்கு முன்னால் செய்தி ஓடினால் வரும் வினை இது.

இலவச டிவியால் என்ன ஆனது?

2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி; அந்த ஆண்டு செப்டம்பரில் 14 அங்குல வண்ணப் பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல், இத்தகைய வாக்குறுதி தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

சட்டம் அப்படி. ஊரில் நான் கண்டது வேறு. அதுவரை பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகள் பெரிய வீட்டு வளவில், தரையில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். பெட்டி சொந்தமாக வந்ததும் வருவதை நிறுத்தினார்கள். பெரிய வீட்டில் சிலருக்கு அது மனக்குறை: ‘இப்போதெல்லாம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.’ தரையில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

எங்கள் ஆச்சி சொல்கிறார், டிவி வந்த பிறகுதான் வீடு கெட்டுப்போயிற்று என்று. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆச்சியோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் பெட்டியை வீட்டில் எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே யார் எங்கே இருக்கலாம் என்று சொல்லும் சட்டம். முகப்பில் ஆண்கள், கணக்குப்பிள்ளை, வந்தவர் போனவர்; இரண்டாம் கட்டிலும் அடுப்படியிலும் பெண்கள்; வேலையாட்களுக்குப் பின்வாசல். பெட்டியை முகப்பில் வைக்க முடியாது, வெளிச்சம் அடிக்கும், திருட்டுப் பயமும் உண்டு. அடுப்படியில் வைத்தால் ஆண்கள் வர மாட்டார்கள். எனவே நான் கம்பி இழுத்த வீடுகளில் பெரும்பாலும் பட்டாலையில்தான், அதாவது உள் கூடத்தில்தான் வைத்தார்கள். ஞாயிறு காலை இராமாயணத் தொடருக்கு (1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ஓடியது, இந்தி யாருக்கும் புரியாது, கதை எல்லாருக்கும் தெரியும்) மாமனாரும் மருமகளும் ஒரே கூடத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். நூறு ஆண்டுகளாகச் சுவர் செய்துவந்த வேலையை ஒரு பெட்டி கலைத்துவிட்டது. முழக்கமோ கொடியோ அதற்குத் தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளில் கேபிள் வந்ததும் கதை திரும்பியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. சில ஆண்டுகளில் அறைக்கு ஒரு பெட்டி. சேர்ந்து உட்கார்ந்தவர்கள் மீண்டும் பிரிந்தார்கள்.

பெண்களைப் பற்றி ஒரு நல்ல ஆய்வும் இருக்கிறது. ஜென்சன், ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாடு உள்பட இந்தியாவின் சில பகுதிகளில் கேபிள் வந்த கிராமங்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கணவன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் குரல் கூடியது. இத்தனைக்கும் அந்தத் தொடர்களில் பாதி மாமியார் மருமகள் சண்டை. அழுகைத் தொடரைப் பழிப்பவர்கள் (நானும் பழிப்பவன்தான்) இந்த முடிவையும் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

ஆச்சி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மாலை ஆறரைக்கு மேல் யார் வீட்டுக்கும் போக முடியாமல் போனது. துக்கம் கேட்கப் போனால்கூட விளம்பர இடைவேளையில்தான் பதில் கிடைத்தது. ஒரு வீட்டில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் நேரத்தையே தொடருக்குத் தக்கபடி தள்ளி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எல்லாம் செல்போன்தானே? டிவியின் அரசியல் முடிந்துவிட்டதா?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களைச் செல்போன்தான் கூட்டியது. ஆனால் சிராவயலில் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த பெரியவர்களை வீட்டிலிருந்து எழுந்து வரவைத்தது, இரவில் கடற்கரை முழுவதும் செல்போன் வெளிச்சம் அசைந்ததைக் காட்டிய நேரலை. செல்போன் ஆளுக்கு ஒரு படம் காட்டுகிறது. பக்கத்தில் இருப்பவர் என்ன பார்த்தார் என்று தெரியாது. சௌசெஸ்கு இன்று அதே மேடையில் தடுமாறினால் அந்தத் துண்டுப்படம் சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது. போனவர்களிலும் பாதிப் பேர் அது போலி என்பார்கள். ஆட்சியாளர்களுக்கு இது வசதியா தொல்லையா என்று கேட்டால், வசதி என்பதே என் எண்ணம். என் மகன் இதை ஒத்துக்கொள்வதில்லை.

மாடியில் அந்தக் காலத்து ஏரியல் குழாய் இன்னும் நிற்கிறது. அறையில் படக்குழல் வைத்த பழைய டிவி பெட்டியும் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

குழாயை மழைக்கு முன் கழற்றிவிடுங்கள். அடியில் துருப்பிடித்து, தளத்தில் நீர் இறங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இடிக்கும் அது நல்ல இலக்கு. கழற்றிய ஓட்டையைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். பழைய சுண்ணாம்புத் தளத்தோடு சிமெண்ட் ஒட்டாது, சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். குச்சிகள் அலுமினியம், எடைக்குப் போகும். பெட்டியை உடைக்க வேண்டாம்: படக்குழலின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உள்ளே காற்றில்லாததால் வெடித்துச் சிதறும். மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் முழுசாகக் கொடுங்கள். மரக் கதவு வைத்த பழைய பெட்டி என்றால் மட்டும், கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.